கேஸில் ஓடும் காரில் வால்வு ஏன் தேய்கிறது, கிட்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் வைக்கிறேன். வீடு மதுரை திருநகர். நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரைப் பழையதாக வாங்கி, வெளியில் சீக்வென்ஷியல் எல்பிஜி கிட் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் கேஸ் கொடுக்கும் வகை) போட்டு, 60,000 கிலோமீட்டருக்கு மேல் கேஸிலேயே ஓட்டிவிட்டீர்கள். வாரம் ஒரு தடவை போடிக்குப் போய்த் திரும்புகிறீர்கள். இப்போது காலையில் ஸ்டார்ட் பண்ணிய சற்று நேரத்தில் இன்ஜின் குலுங்கி ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, நாலைந்து நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது. பிக்கப்பும் முன்போல இல்லை. உங்கள் மெக்கானிக் "கேஸ் சூட்டுக்கு வால்வு தேயத்தான் செய்யும், ஹெட்டை இறக்கி வேலை பார்த்துவிட்டு கிட்டைக் கழற்றிப் போடுங்கள்" என்கிறார். (ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல்மூடி, வால்வுகள் அதில்தான் இருக்கும்.) இன்னொருவர் வால்வுக்கு எண்ணெய் சொட்டும் பாட்டில் மாட்டச் சொல்கிறார். ஊரில் இத்தனை ஆட்டோக்கள் கேஸில் ஓடுகின்றனவே, அவற்றுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே என்று நண்பர் சொல்கிறார். இந்த மூன்றில் எதை நம்புவது, கிட்டை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதுதான் உங்கள் கேள்வி.

ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு மதுரையில் இன்ஜின் ஹெட் வேலை பார்க்கும் பட்டறையில்தான் பல வருஷமாக இருக்கிறேன். கேஸ் வண்டிகளின் ஹெட்டும் நிறைய வருகிறது. அதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் காரில் வால்வு சீட் தேய்ந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கேஸ் சூடுதான் காரணம் என்பது பாதி உண்மை. கிட்டைக் கழற்றுவது கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு. அதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அளக்காமலேயே ஹெட்டை இறக்குகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

தேய்வது எது என்பதிலிருந்து தொடங்குகிறேன். வால்வின் தலை வந்து உட்காரும் வளையம்தான் சீட். இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1,500 தடவை, அதாவது விநாடிக்கு 25 தடவை, அதன்மேல் வந்து அடிக்கிறது. எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை முழு லோடில் 700 டிகிரியைத் தாண்டும். உட்கார்ந்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. சிலிண்டருக்குள் எரியும் அழுத்தத்தில் வால்வின் தலை நூலளவு வளைந்து சீட்டின்மேல் தேய்க்கிறது. அவ்வளவு சூட்டில் உலோகமும் உலோகமும் நேரடியாகப் பட்டால் சீட்டிலிருந்து துணுக்குகள் ஒட்டிப் பிய்ந்து வால்வின் முகத்தில் ஏறிவிடும். அதன்பின் ஒவ்வொரு அடியிலும் அந்தத் துணுக்குகளே சீட்டை அராவுகின்றன. வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் இறங்குகிறது.

அந்தக் காலத்துப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் எரிந்ததும் சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து இந்த ஒட்டலைத் தடுத்தது. இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நின்றது. பழைய அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினில் சீட்டுக்குத் தனி வளையமே கிடையாது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டியிருப்பார்கள். அந்த வண்டிகளுக்கு அப்போதே இந்தச் சிக்கல் வந்தது. பிறகு வந்த கார்களில் அலுமினிய ஹெட்டில் கடினமான சீட் வளையத்தை அடித்து இறக்கியிருப்பார்கள். ஆனால் எவ்வளவு கடினம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். பெட்ரோலுக்குப் போதும் என்று தேர்ந்தெடுத்த சீட் கேஸுக்கும் போதும் என்று சொல்ல முடியாது. ஈயம் இல்லாவிட்டாலும் பெட்ரோல் எரிந்து கொஞ்சம் கரியை விட்டுச்செல்கிறது. எல்பிஜி அதையும் விடுவதில்லை. சுத்தமாக எரிவதுதான் அதன் பெருமை, சீட்டின் கணக்கில் அதுவே குறை.

இப்போது சூடு. எல்பிஜியின் சுடர் பெட்ரோலைவிடப் பெரிதாகச் சூடானது அல்ல, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. பெட்ரோல் துளியாக உள்ளே போய் ஆவியாகும்போது காற்றையும், அது உள்ளே வரும் இன்லெட் வால்வையும் குளிர்விக்கும். கேஸ், டேங்க்கிலிருந்து வரும் அழுத்தத்தைக் குறைக்கும் ரெட்யூசரிலேயே ஆவியாகி வந்துவிடுவதால் அந்தக் குளிர்ச்சி கிடையாது. ஆனால் இது சின்ன விஷயம். பெரிய விஷயம் காற்றும் எரிபொருளும் சேரும் கலவை. ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது காரின் ஈசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) வேண்டுமென்றே பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றும். அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் எக்ஸாஸ்ட் வால்வை அந்த நேரத்தில் காப்பாற்றுகிறது. கேஸ் கிட்டின் நாசில் சிறியதாக இருந்தாலோ, ரெட்யூசர் அந்த இன்ஜினுக்குப் பத்தாத சைஸாக இருந்தாலோ, ஃபில்டர் அடைத்திருந்தாலோ, எந்த நேரத்தில் கலவை கனமாக இருக்க வேண்டுமோ சரியாக அந்த நேரத்தில் அது எரிபொருள் குறைந்து மெலிந்துபோகும். மெலிந்த கலவை மெதுவாக எரியும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்து முடிந்திருக்காது. மிச்சமிருக்கும் சூடு முழுவதும் வால்வின் கழுத்து வழியாகத்தான் வெளியே போக வேண்டும். என்னிடம் வரும் எரிந்துபோன எக்ஸாஸ்ட் வால்வுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இப்படி லோடில் மெலிந்துபோகும் ஒரு கிட் இருந்திருக்கிறது. அதனால்தான் கேஸ் சூடு என்ற பேச்சைப் பாதி உண்மை என்றேன். சூடு கேஸால் வருவதைவிட, பத்தாத கேஸால் வருவதே அதிகம்.

ஆட்டோக்களைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதற்கும் இதில் பதில் இருக்கிறது. வேகமும் லோடும் கூடக் கூட சீட் தேய்மானம் மளமளவென்று ஏறும். சிம்மக்கல்லுக்கும் பெரியாருக்கும் இடையே நின்று நின்று ஓடும் ஆட்டோவும், விருதுநகர் நாலுவழிச் சாலையில் ஏசி போட்டு 110-இல் மணிக்கணக்காக ஓடும் காரும் ஒன்றல்ல. கம்பெனியிலேயே எல்பிஜியோடு வந்த மாருதி ஆம்னி, 2006-இல் வந்த வேகன் ஆர் டுவோ போன்றவற்றில் கேஸுக்கான டியூனிங்கைத் தொழிற்சாலையிலேயே செய்து அனுப்பினார்கள். வெளியில் போடும் கிட்டில் அந்த வேலை முழுக்க முழுக்கப் போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. நல்லவர் கையில் போன வண்டி பிரச்சினையே இல்லாமல் ஓடுவதையும் பார்க்கிறோம்.

இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால், டேப்பட் சத்தத்தைப் பற்றி இனிச் சொல்லப்போவதை வையுங்கள். டேப்பட் கிளியரன்ஸ் என்பது வால்வின் தண்டுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையில் விடும் நூலளவு இடைவெளி. சாதாரணமாகப் பெட்ரோல் வண்டியில் அது கூடும், சத்தம் வரும், நாம் போய் சரிபண்ணுவோம். கேஸ் வண்டியில் நேர்மாறு. வால்வு ஹெட்டுக்குள் இறங்க இறங்க அதன் தண்டு மேலே ஏறும், கிளியரன்ஸ் குறையும், சத்தமும் குறையும். இன்ஜின் தையல் மெஷின்போல அமைதியாக ஓடுகிறது என்று ஓட்டுகிறவர் சந்தோஷப்படுவார். அந்த அமைதிதான் ஆபத்து. கிளியரன்ஸ் தீர்ந்ததும் வால்வு முழுக்க உட்காராது. வால்வின் தலை தன் சூட்டில் முக்கால்வாசியை சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. உட்கார முடியாத வால்வுக்குச் சூட்டை இறக்க இடமில்லை. கசியும் நெருப்பு ஓர் ஓரத்தை அரித்து வாய்க்கால் மாதிரி ஆக்கிவிடும். வால்வு எரிந்தது என்று சொல்வது இதைத்தான். சீட் தேய்வதற்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் ஆகும். கிளியரன்ஸ் தீர்ந்தபின் வால்வு எரிய ஒரு வெளியூர்ப் பயணம் போதும். இடையில் இருக்கும் அந்த நீண்ட காலத்தில் இடைவெளியை அளக்கும் தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்திருந்தால் ஹெட் தப்பித்திருக்கும். கேஸ் வண்டியில் 20,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது கிளியரன்ஸைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். கிட் போடும்போதே இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

உங்கள் வண்டி சொல்லும் அறிகுறியைப் பாருங்கள். சீக்வென்ஷியல் கிட் இருக்கும் கார் குளிர்ந்த நிலையில் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். கூலண்ட் கொஞ்சம் சூடேறிய பிறகே கேஸுக்கு மாறும். ஆக, நீங்கள் சொல்லும் மிஸ்ஸிங் பெரும்பாலும் பெட்ரோலில் ஓடும்போது வருகிறது. கேஸ் டியூனிங்கை மட்டும் மாற்றினால் அது போகாது. ஸ்டார்ட் ஆனதும் வால்வு சட்டென்று சூடேறி நீளும், அலுமினிய ஹெட் மெதுவாகத்தான் சூடேறும். அந்தச் சில நிமிஷத்தில்தான் கிளியரன்ஸ் மிகக் குறைவாக இருக்கும். ஹெட்டும் சூடாகி விரிந்ததும் கொஞ்சம் இடம் கிடைத்து மிஸ்ஸிங் நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு இறங்கிய வண்டிகளில் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. அதற்காக இதுதான் என்று இங்கிருந்தே முடிவு கட்ட மாட்டேன். நாள்கணக்கில் பெட்ரோலில் ஓடாத வண்டியில் பெட்ரோல் இன்ஜெக்டர் பிசின் பிடித்து ஒழுங்காகத் தெளிக்காமல் இருந்தாலும் இதே மாதிரி குலுங்கும். பொறி தரும் பிளக்கும், அதற்கு மின்சாரம் தரும் காயிலும் வீணாய்ப்போனாலும் அப்படியே. கேஸ் கலவையைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் தேவைப்படுவதால் பிளக்கும் காயிலும் கேஸ் வண்டியில் முதலில் களைத்துப்போகும்.

அதனால் இந்த வரிசையில் போகச் சொல்லுங்கள். மிஸ் அடிக்கும் சிலிண்டர் எது என்று கண்டுபிடித்து, அதன் பிளக்கையும் காயிலையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங் கூடவே நகர்ந்தால் செலவு அதோடு முடிந்தது. நகராவிட்டால் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று எவ்வளவு அழுத்தமாகிறது என்று, பார்க்க வேண்டும். மொத்த எண்ணைவிட ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம்தான் முக்கியம். மூன்று 170 பிஎஸ்ஐயில் நின்று ஒன்று மட்டும் 120 காட்டினால் அந்த ஒன்றில் கோளாறு. அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். இன்னும் உறுதி வேண்டுமென்றால் வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்திக் காதை வைத்துக் கேட்கலாம். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட், ஆயில் ஊற்றும் மூடியில் வந்தால் ரிங். இதற்கெல்லாம் ஹெட்டை இறக்க வேண்டியதில்லை.

பிறகு வால்வு கவரைக் கழற்றி, இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த நிலையில் எட்டோ பதினாறோ எத்தனை வால்வு உண்டோ அத்தனைக்கும் கிளியரன்ஸ் அளந்து, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "சரியாத்தான் இருக்கு" என்ற வாய்ச்சொல் போதாது, எண் வேண்டும். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். மாடலுக்கு மாடல் மாறுவதால் நான் ஓர் எண் சொல்வது சரியாக இராது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் எல்லாமே குறைந்திருந்தால் சீட் இறங்குகிறது என்று அர்த்தம். கிளியரன்ஸை மறுபடி வைத்துவிட்டுக் கம்ப்ரஷன் பாருங்கள். பழைய நிலைக்கு வந்துவிட்டால் வால்வு இன்னும் எரியவில்லை, ஹெட் இறக்காமலே தப்பித்தீர்கள். வராவிட்டால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். உங்கள் இன்ஜினில் ஹைட்ராலிக் டேப்பட் இருந்தால் மட்டும் இந்த அளவு கிடைக்காது. அது தானாகவே இடத்தைச் சரிக்கட்டிக்கொண்டே போய், ஒரு நாள் அதன் எல்லை முடிந்ததும் திடீரென்று கம்ப்ரஷனை விடும். அப்படிப்பட்ட வண்டிக்குக் கம்ப்ரஷன் எண்களை வருஷத்துக்கு ஒரு தடவை எழுதி வைப்பதுதான் வழி.

ஹெட் இறக்குவதானால் லேத் பட்டறையில் என்ன கேட்பது என்று சொல்கிறேன். வால்வை மாற்றி, கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து மாட்டித் தந்தால் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்கும்போது ஒழுகாது, பில்லும் குறைவாக வரும். ஆனால் அதே மென்மையான சீட்தான் உள்ளே இருக்கிறது, அதுவும் இன்னும் கீழே இறங்கி. எக்ஸாஸ்ட் பக்கம் பழைய சீட்டை எடுத்துவிட்டு, கேஸுக்குத் தாங்கும் கடினமான சீட் போடச் சொல்லுங்கள். பழைய இடத்தை அளவாகக் கடைந்து, ஹெட்டைச் சூடேற்றி, சீட்டைக் குளிர்வித்து இறக்க வேண்டிய வேலை இது. அவசரப்பட்டு அடித்து இறக்கினால் ஓடும்போது சீட் கழன்று விழுந்து பிஸ்டனையே உடைக்கும். வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடில் ஆட்டம் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். கைடு ஆடினால் வால்வு கோணலாக வந்து உட்காரும், எவ்வளவு நல்ல சீட் போட்டும் பயனில்லை. சீட்டின் அகலத்தையும் ரொம்பக் குறைக்க விடாதீர்கள். கோடுபோல மெல்லியதாக வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சூடு இறங்க இடம் போதாது.

ஹெட் வேலை முடிந்து வண்டி வெளியே வந்ததும் கேஸ் டியூனிங்கைப் பார்க்காமல் விட்டால் செய்த செலவெல்லாம் வீண். ரெட்யூசருக்குப் பிறகு வரும் ஃபில்டரை மாற்றி, ரெட்யூசரில் தேங்கும் பிசுக்கை வடித்துவிட்டு, ஸ்கேனர் மாட்டி ஃப்யூயல் டிரிம்மை (ஈசியூ தானாகக் கூட்டிக் குறைக்கும் எரிபொருள் அளவை) முதலில் பெட்ரோலிலும் அப்புறம் கேஸிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பெட்ரோலில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் லாங் டெர்ம் டிரிம், கேஸுக்கு மாறியதும் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் போனால் கிட் பத்தாமல் கொடுக்கிறது என்று அர்த்தம். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ அதைச் சமாளித்துக்கொள்ளும். முழு மிதியில் ஈசியூ சென்சார் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே அந்தக் குறை நேராக வால்வில் போய் விழும். பல கிட்களில் லோடு கூடும்போது கேஸோடு கொஞ்சம் பெட்ரோலையும் சேர்த்துக் கொடுக்கும் வசதி சாஃப்ட்வேரிலேயே இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உங்கள் கிட்டில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போதும், நாலுவழிச் சாலையில் வேகம் எடுக்கும்போதும் சுவிட்சைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். அதனால் பெட்ரோல் இன்ஜெக்டரும் பிசின் பிடிக்காமல் இருக்கும். பெட்ரோல் டேங்க்கில் கால்வாசியாவது எப்போதும் இருக்கட்டும், பம்ப் குளிர்வது அந்தப் பெட்ரோலில்தான்.

எண்ணெய் சொட்டும் பாட்டிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் அடித்துப் பேச எனக்கு மனமில்லை. ஈயத்தின் இடத்தை வேறொரு படலத்தால் நிரப்பலாம் என்ற யோசனையில் தவறில்லை, மென்மையான சீட் உள்ள சில இன்ஜின்களில் தேய்மானம் குறைந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் காற்று உள்ளே போகும் இன்டேக்கில் ஓர் இடத்தில் சொட்ட விட்டால் நான்கு சிலிண்டருக்கும் சமமாகப் போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. லோடு கூடி இன்டேக்கில் வாக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) குறையும்போது, அதாவது அதிகம் தேவைப்படும் நேரத்தில், வாக்குவத்தை நம்பும் எளிய பாட்டிலில் சொட்டுவதும் குறையும். ஆர்பிஎம்மைப் பார்த்து அளந்து கொடுக்கும் எலக்ட்ரானிக் வகை அதைவிட மேல். எதுவானாலும் மெலிந்த கலவைக்கு அது மருந்தல்ல, ஏற்கெனவே எரிந்த வால்வை அது ஒட்டவும் வைக்காது. கிளியரன்ஸ் பார்க்கிற பழக்கத்தையும் டியூனிங்கையும் செய்துவிட்டு அதற்குமேல் மாட்டுவதானால் மாட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. வீட்டு சிலிண்டரிலிருந்து காருக்கு ஏற்றித் தருகிறவர்களிடம் போகாதீர்கள். அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. ஆட்டோ எல்பிஜி டேங்க் 80 சதவீதத்தில் தானாக நிற்க வேண்டியது, மோட்டார் வைத்து ஏற்றுகிறவர்கள் அதை மதிப்பதில்லை. டேங்க்கின் ஐந்து வருஷச் சோதனையும், ஆர்சி புத்தகத்தில் கேஸ் பதிவும் சரியாக இருக்கின்றனவா என்று இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள். பழைய வண்டி என்பதால் சொல்கிறேன்.

கிட்டைக் கழற்றலாமா என்பதற்கு உங்கள் தாளில் இருக்கும் எண்களே பதில் சொல்லும். வேலை முடிந்ததும் கிளியரன்ஸ் எழுதுங்கள், 1,000 கிலோமீட்டரில் ஒரு தடவை, 10,000-இல் ஒரு தடவை அளந்து பக்கத்தில் எழுதுங்கள். முதல் 1,000-இல் கொஞ்சம் குறைவது புது சீட் படிவதால், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்கப்புறம் 10,000 கிலோமீட்டருக்கு 0.01, 0.02 மில்லிமீட்டர் என்று குறைந்தால் கிட் இருக்கட்டும், கவலையில்லாமல் ஓட்டுங்கள். 0.05-க்கு மேல் போகிறது, டியூனிங் செய்தும் நிற்கவில்லை என்றால் அந்த ஹெட்டுக்கு கேஸ் ஒத்துவரவில்லை. கேஸில் மிச்சமாகும் பணம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லேத்துக்கே போய்விடும். அப்போது நானே கழற்றச் சொல்வேன்.